நாற்பது கட்டப் பை: டயப்ளோ 2 ஏன் இன்னும் அலுக்கவில்லை?

அண்ணன் மகன் ஒரு மொபைல் கேமில் நாலாயிரத்துச் சொச்சம் ரூபாயை விட்டுவிட்டான். காசு கட்டினால் ஒரு பெட்டி திறக்கும், உள்ளே என்ன இருக்கும் என்று திறக்கும் வரை தெரியாது. அந்த மாதிரி கேம். வீட்டில் பெரிய சண்டை. சமாதானம் பேசப் போன என் பக்கம் அண்ணன் திரும்பிவிட்டார்.

"நீ என்னடா அவனுக்குப் பரிஞ்சு பேசுற? நீயும் இருபது வருஷமா அதையேதான ஆடுற? அவன் பெட்டியத் திறக்குறான், நீ பேயக் கொல்லுற. ரெண்டும் ஒண்ணுதான?"

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோதும் சரியான பதில் கிடைக்கவில்லை. அதனால் டயப்ளோ 2-ஐ மறுபடி முதலில் இருந்து ஆடினேன், பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு. அதில் எழுதி வைத்ததைத்தான் இங்கே கோர்த்துத் தருகிறேன்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. டேவிட் பிரெவிக், மேக்ஸ் ஷேஃபர், எரிக் ஷேஃபர் மூவரும் கலிஃபோர்னியாவில் தொடங்கிய சின்ன நிறுவனம்தான் பிறகு பிளிசார்ட் நார்த் ஆனது. மோரியா, ஆங்பாண்ட் என்று பழைய கணினி ஆட்டங்கள் சில உண்டு. படமே இருக்காது, கீபோர்டு எழுத்துகளே சுவர், கதவு, பேய் எல்லாம். ஒவ்வொரு தடவையும் நிலவறை புதிதாக அமையும். பிரெவிக் அவற்றின் ரசிகர். அந்த எலும்புக்கூட்டின் மேல்தான் முதல் டயப்ளோவைக் கட்டினார்கள். முறை வைத்து ஆடும் ஆட்டமாகத் தொடங்கியதை நடுவில் மாற்றி, மவுஸை அழுத்தினால் உடனே வெட்டு விழும்படி செய்தார்கள். 2000 ஜூனில் டயப்ளோ 2 வந்தது. அடுத்த வருஷம் 'லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன்' என்ற விரிவாக்கம். 2021-ல் படங்களை மட்டும் புதிதாக வரைந்து, உள்ளே பழைய எஞ்சினையே ஓடவிட்டு மறுபதிப்பும் வந்தது. அதில் ஒரு பட்டனை அழுத்தினால் பழைய மங்கலான படத்துக்கே திரும்பிவிடலாம். இத்தனை வருஷம் கழித்தும் ஒரு கேமின் கணக்குகளைத் தொடப் பயந்திருக்கிறார்கள் என்றால், மதிப்பு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, அண்ணன் விஷயத்துக்கு வருவோம். அவர் சொன்னதில் பாதி சரி, அதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். டயப்ளோ 2-ன் அடிவயிற்றில் இருப்பது குலுக்கல்தான். ஒரு பேய் செத்ததும் கேம் ஒரு பட்டியலைப் பார்க்கும். 'ஒன்றும் விழாது' என்பதும் அதில் ஒரு வரி. வாளோ மோதிரமோ தேர்வானால் அடுத்த குலுக்கல்: இது யூனிக் ரகமா? இல்லையென்றால் செட்டா? அதுவும் இல்லையென்றால் ரேரா? மேஜிக்கா? இப்படிப் படி படியாக இறங்கும். தங்க நிறம், பச்சை, மஞ்சள், நீலம், கடைசியில் சாதா வெள்ளை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. யூனிக் குலுக்கலில் வாள் ஜெயித்துவிட்டது, ஆனால் அந்தப் பேயின் லெவலுக்கு அந்த வகை வாளில் யூனிக் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அதை மஞ்சள் ரகமாக இறக்கிவிட்டு, தேய்மானம் தாங்கும் அளவை மூன்று மடங்காக்கித் தரும். ஆறுதல் பரிசு!

எத்தனையாவது கொத்தலில் தீனி விழும் என்று தெரியாவிட்டால் புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்று ஸ்கின்னர் 1950-களிலேயே எழுதிவிட்டார். சூதாட்ட மெஷினுக்குச் சொல்லும் அதே விளக்கம். தரையில் தங்க நிற எழுத்தில் மோதிரம் என்று விழும்போது என் நெஞ்சு அடிப்பதற்கும் அதுதான் காரணம். அது எல்லோரும் தேடும் ஸ்டோன் ஆஃப் ஜோர்டானாக இருக்கலாம், அடிக்கடி விழும் நாகல்ரிங்காகவும் இருக்கலாம். எடுத்து, அடையாளம் காட்டும் சுருளைப் பிரிக்கும் வரை தெரியாது. நான் கொத்துகிற புறா இல்லை என்று சத்தியம் செய்யத் தயாராக இல்லை.

ஆனால் இதோடு விளக்கத்தை முடித்துக்கொள்பவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். குலுக்கல் வைத்த கேம்கள் எத்தனையோ வந்தன, போயின. குலுக்கல் மட்டுமே காரணம் என்றால் இது மட்டும் ஏன் நிற்கிறது? பழைய நினைவு என்று சொல்லவும் முடியாது. அண்ணன் மகன் இந்த கேம் வெளியான பிறகு பிறந்தவன். சண்டை ஓய்ந்த பிறகு என் லேப்டாப்பில் இதை ஆட ஆரம்பித்து, ஒரு வாரத்தில் என்னைவிடத் தீவிரமாகிவிட்டான். ஆடத் தொடங்கிய முதல் நாளே அவன் கேட்டதுதான் எனக்கு வழி காட்டியது:

"சித்தப்பா, எதுக்கு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போக விட மாட்டேங்குது?"

பையைச் சொல்கிறான். டயப்ளோ 2-ல் நம் பை அகலத்தில் பத்து, உயரத்தில் நாலு, ஆக நாற்பது கட்டம். மோதிரத்துக்கு ஒரு கட்டம், மார்புக் கவசத்துக்கு ஆறு, பெரிய ஈட்டிக்கோடரிக்கு எட்டு. ஐந்து ஈட்டிக்கோடரி வைத்தால் பை நிரம்பிப் போச்சு. விரிவாக்கத்தில் இந்தச் சிக்கலை இன்னும் இறுக்கினார்கள். 'சார்ம்' என்று தாயத்து மாதிரி ஒரு சாமான். அது பையில் இருக்கும் வரைதான் பலம் தரும். பலம் வேண்டுமென்றால் இடத்தை இழக்கணும், இடம் வேண்டுமென்றால் பலத்தை இழக்கணும். மறுபதிப்பு வந்தபோது தரையில் கிடக்கும் காசைத் தானாகப் பொறுக்கும் வசதி கொடுத்தார்கள், ஊரில் இருக்கும் பெட்டியைப் பெரிதாக்கினார்கள். இந்த நாற்பது கட்டத்தை மட்டும் தொடவில்லை.

ஏன் என்று யோசித்தால், மொத்த ஆட்டமும் அங்கேதான் நடக்கிறது. விழுவது அதிர்ஷ்டம், சரி. விழுந்ததில் எதை எடுப்பது, எதை விட்டுவிட்டு நடப்பது என்பது நம் தீர்ப்பு. நோட்டில் எழுதியபோதுதான் எனக்கே உறைத்தது: விழுவதில் பெரும்பகுதியை நான் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. இருபது வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது பேயைக் கொல்வதை அல்ல, சாமானை வேண்டாம் என்று சொல்வதை.

அந்தத் தீர்ப்புக்கு அறிவும் வேண்டும். ரூன் என்று எழுத்துக் கல்கள் முப்பத்து மூன்று உண்டு. அவற்றைச் சரியான வரிசையில் பதித்தால் ஒரு சாதா ஆயுதம் அசாதாரணமாகிவிடும். ரால், டிர், டால், சோல் என்ற நாலு கல்லை நாலு துளை உள்ள ஈட்டிக்கோடரியில் பதித்தால் 'இன்சைட்'. ஆனால் அந்தக் கோடரி மந்திரம் ஏதும் இல்லாத வெறும் சாமானாக இருக்கணும். அதாவது புதுசாக ஆடுகிறவன் தங்க நிறத்துக்கு ஓடும்போது, பழகியவன் சாம்பல் நிறத்தில் கிடக்கும் கோடரியின் துளைகளை எண்ணிக்கொண்டிருப்பான். நிறம் சொல்லும் மதிப்பும் உண்மையான மதிப்பும் வேறு வேறு. பெட்டி திறக்கும் கேமில் இந்த இடைவெளி கிடையாது. அங்கே மினுமினுப்பதுதான் உயர்ந்தது, அதை முடிவு செய்வது கடைக்காரன்.

இது என் ஊகம் மட்டும் இல்லை என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2012-ல் டயப்ளோ 3 வந்தபோது கேமுக்குள்ளேயே ஏலச் சந்தை ஒன்றைத் திறந்தார்கள். கிடைத்த சாமானை விளையாட்டுக் காசுக்கும் விற்கலாம், நிஜப் பணத்துக்கும் விற்கலாம். நோக்கம் நல்லதுதான். முந்தைய கேமில் வெளியே நடந்த ஏமாற்று வியாபாரத்தை உள்ளே கொண்டுவந்து ஒழுங்குபடுத்தலாம் என்று நினைத்தார்கள். நடந்ததோ வேறு. நூறு பேயைக் கொன்று கிடைக்கும் வாளைவிடச் சந்தையில் தேடி வாங்கும் வாள் மேல். அப்புறம் எதற்குக் கொல்வது? குலுக்கல் அப்படியே இருந்தது, புறாவும் இருந்தது, ஆனால் ஆட்டம் சப்பென்று ஆகிவிட்டது. சந்தை ஆட்டத்தைக் கெடுத்துவிட்டது என்று தயாரிப்பாளர்களே ஒத்துக்கொண்டார்கள். 2014 மார்ச்சில் இழுத்து மூடினார்கள். கிட்டத்தட்ட அதே சமயத்தில் சாமான் விழும் முறையையும் மாற்றி எழுதினார்கள். பிழைத்தது அதன் பிறகுதான்.

இங்கே ஒரு மறுப்பு வரும், நியாயமானதும்கூட. டயப்ளோ 2-லும் சந்தை இருந்ததே? இருந்தது. இணையத்தில் ஆடியவர்கள் மத்தியில் ஸ்டோன் ஆஃப் ஜோர்டான்தான் நாணயம். கள்ளத்தனமாக நகலெடுத்த மோதிரங்கள் ஏராளம் புழங்கின. வெளித்தளங்களில் நிஜப் பணத்துக்கும் சாமான் விற்றார்கள். ஆனால் அங்கே வாங்க வேண்டுமென்றால் ஒரு ஆளைத் தேடணும், அறை திறக்கணும், பேரம் பேசணும், ஏமாறாமல் இருக்கணும். வாங்குவதற்கே இவ்வளவு பாடு என்பதால், தானாகத் தேடுவது மலிவாகத் தெரிந்தது. தனியாக ஆடியவர்களுக்கு அந்தச் சந்தையே கிடையாது.

2022-ல் வந்த டயப்ளோ இம்மார்ட்டல் இன்னொரு முனை. மொபைலுக்கு வந்த அதே பேய், அதே வெட்டு, அதே குலுக்கல். ஆனால் அதில் 'கிரெஸ்ட்' என்று ஒன்று உண்டு. அதைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டால் உயர்ந்த ரகக் கல் விழும் வாய்ப்பு கூடும். பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் சூதாட்டப் பெட்டிகளுக்கு எதிரான சட்டம் காரணமாக அந்த கேமை வெளியிடவே இல்லை. 2000-ல் வந்த டயப்ளோவுக்கும் உள்ளே குலுக்கல் இருந்தது, யாரும் அதைச் சூதாட்டம் என்று தடுக்கவில்லை. தாயக்கட்டை ஒன்றுதான். ஒரு உருட்டலுக்கு எதைக் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம். அங்கே நடந்து கொடுக்கிறோம், இங்கே பர்ஸைத் திறந்து கொடுக்கிறோம்.

இதை வைத்துப் பழையது எல்லாமே உசத்தி என்று முடிக்க மாட்டேன். டயப்ளோ 2-ன் எல்லா இடைஞ்சலும் நல்ல இடைஞ்சல் இல்லை. ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு ஸ்கில் புள்ளி கிடைக்கும். பத்து வருஷம் வரைக்கும், போட்ட புள்ளியைத் திரும்ப எடுக்க வழியே கிடையாது. என் முதல் மந்திரக்காரிக்கு எல்லாப் புள்ளியையும் நெருப்பிலேயே கொட்டினேன். கடைசிக் கடினத்தில் நெருப்பே சுடாத பேய்கள் வந்து நின்றன. வாரக்கணக்கான உழைப்பு அப்படியே முட்டுச்சந்து. அது பாடம் இல்லை, வெறும் தண்டனை. ஏனென்றால் தீர்ப்பு சொல்லத் தேவையான தகவலைத் தராமலேயே தீர்ப்பு கேட்டது. 2010-ல் வந்த திருத்தத்தில் புள்ளிகளைக் கலைத்துப் போட அளவான வாய்ப்புகள் கொடுத்தார்கள். அதனால் ஆட்டம் ஒன்றும் நீர்த்துவிடவில்லை. பையின் இறுக்கம் நம்மை யோசிக்க வைக்கிறது, அந்த இறுக்கம் தலையில் குட்ட மட்டும்தான் செய்தது.

நேரம்? அது இன்னொரு நிஜமான கேள்வி. இந்த கேமுக்கு நான் கொடுத்த மணிகளைக் கூட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பரீட்சைக்கு முந்தின ராத்திரிகளும் அதில் உண்டு. ஒன்று மட்டும் சொல்லலாம்: அது என்னைக் கூப்பிட்டதே இல்லை. தினமும் வந்தால் பரிசு என்றோ, இன்றைக்கு வராவிட்டால் நஷ்டம் என்றோ சொன்னதில்லை. மூடிவிட்டு மூன்று வருஷம் கழித்துத் திறந்தால், பையில் வைத்தது வைத்த கட்டத்திலேயே இருக்கும். போனது என் நேரம், விட்டதும் நான்தான்.

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். முழுசாக ஒப்புக்கொண்டார் என்று சொல்ல முடியாது. "காசு போகலைன்னா சரி, ஆனா படிக்கிற நேரத்துல இது வேண்டாம்" என்றார். அதுவும் நியாயம்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பையன் ஆடிக்கொண்டிருந்தான், அண்ணன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெரிய பேய் சாய்ந்தது. தங்க நிறத்தில் ஒரு கவசம், பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு ஈட்டிக்கோடரி. பையில் எட்டுக் கட்டம்தான் காலி. பையன் கொஞ்ச நேரம் பார்த்தான், கோடரியை எடுத்துக்கொண்டு நடந்தான்.

"ஏன்டா, தங்கத்த விட்டுட்டுப் போற?" என்றார் அண்ணன்.

அவன் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்து, நாலு துளைக் கணக்கைப் பத்து நிமிஷம் விளக்கினான்.