மூடுபனிக்குள் ஒரு வரிசை

கூட்டமாகப் போய்ப் படமெடுப்பதைக் கலை என்று ஒப்புக்கொள்ளப் பலருக்கு மனம் வருவதில்லை. கண்டிக்குத் தென்மேற்கே நீளும் ஹந்தானை மலைத்தொடர் அந்தத் தயக்கத்தைத் தளர்த்தும். உயரம் ஏறத்தாழ 3,800 அடிதான். ஆனால் மானாப்புல் மண்டிய சரிவில் மூடுபனி இறங்கினால் முன்னால் போகிறவரே மறைந்துவிடுவார். பாதையைச் சொல்லவே வேண்டாம். எந்தத் திட்டிலிருந்து பேராதனைப் பக்கம் தெரியும், பனி எப்போது விலகும் என்று அறிந்த வழிகாட்டி அங்கே பாதி ஒளிப்படக்காரர். அது விலகாத நாளில், 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையில் இயங்கும் அருங்காட்சியகத்துக்குக் குழுவைத் திருப்புகிறவர் கெட்டிக்காரர். வழிகாட்டி படத்துக்கு மட்டுமல்ல, உயிருக்கும் துணை. அமெரிக்காவின் அரிசோனாப் பாலையில், அன்டிலோப் என்னும் குறுகிய பாறைப் பிளவுக்குள் 1997 ஆகஸ்ட் 12 அன்று, தொலைவில் பெய்த மழையின் வெள்ளம் புகுந்து 11 பேர் இறந்தார்கள். இன்று வழிகாட்டியின்றி அங்கே நுழைய முடியாது.

எல்லோருக்கும் ஒரே படம்தானே கிடைக்கும் என்பார்கள். இடமும் நிமிடமும் ஒன்றாக இருக்கும்போதுதான் பார்வையின் வேறுபாடு வெளிப்படும்: ஒருவர் பனியை வெண்மையாகவே விடுவார், பக்கத்தில் நிற்பவர் அதில் ஒற்றை மரத்தைக் கரிக்கோடாக நிறுத்துவார். கூட்டம் மலையைக் கெடுக்கும் என்பது வலுவான வாதம். ஹந்தானையோ 2010 முதல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசம். அந்த வாதத்துக்குச் சிறு குழுவே பதில். வழியில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களும் காட்சிப்பொருள் அல்லர். படமெடுக்குமுன் கேளுங்கள்; மறுத்தால் கமராவை இறக்கிவிடுங்கள்.