விருப்பமும் வாய்ப்பும்: மாணவியரின் விஞ்ஞானக் கல்வி பற்றிய ஒரு விமரிசனக் குறிப்பு

பெண்கள் கணிதத்தையும் பொறியியலையும் ஏன் குறைவாகத் தெரிவுசெய்கின்றனர் என்ற வினாவுக்கு விடைகாண முற்படும் கல்வியியல் ஆய்வுகள் பல, மாணவியரின் கையில் ஒரு வினாக்கொத்தைக் கொடுத்து அவர்தம் மனப்பாங்கினை அளவிடுவதுடன் அமைந்துவிடுகின்றன. ஆர்வம், தன்னம்பிக்கை, முன்மாதிரி ஆகியன அட்டவணைகளாகின்றன. பாடசாலையோ வெறும் பின்னணியாக நிற்கிறது. விளைவைக் காரணமாகக் கொள்ளும் அணுகுமுறை இது என்பதே நமது விமரிசனம்.

இலங்கை நிலைமையை வரலாற்று அடிப்படையில் நோக்குவோம். 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியிலே தமிழ் இளைஞர் கணிதமும் வானியலும் கற்றனர். அடுத்த ஆண்டில் அதே மிஷன் உடுவிலில் பெண்களுக்கென விடுதிப் பாடசாலையொன்றைத் தொடங்கிற்று. அங்கு எழுத்தும் வாசிப்பும் வேதபாடமும் தையலும் முதன்மை பெற்றன. கல்வியை முடித்துக் கிறிஸ்தவரை மணந்த மாணவியர்க்கு மிஷனே சீதனமும் வழங்கியது. செமினரியிற் கற்றோர்க்கு ஏற்ற மனைவியரை உருவாக்குதல் அதன் நோக்கங்களுள் முக்கியமானது. நாம் பெருமையுடன் நினைவுகூரும் பெண்கல்வி முயற்சியின் இவ்விரட்டைத் தன்மையை மறைப்பதால் ஆவதொன்றில்லை. எழுத்தறிவு பெற்ற பெண் என்பது அக்காலத்தில் சிறிய சாதனையுமன்று. ஆயினும் விஞ்ஞானம் ஆணுக்கு, இல்லறம் பெண்ணுக்கு என்ற தொழிற்பிரிவினை நவீன பாடசாலையின் அத்திவாரத்திலேயே இடப்பட்டுவிட்டது.

1945 இன் இலவசக் கல்வியும், கனிஷ்ட இடைநிலை வகுப்புகளில் கணிதத்தையும் ஒன்றிணைந்த விஞ்ஞானத்தையும் இருபாலார்க்கும் கட்டாயமாக்கிய 1972 இன் கலைத்திட்டச் சீர்திருத்தமும் இப்பிரிவினையைப் பெருமளவு தகர்த்தன. இன்று பல்கலைக்கழக இளமாணி மாணவருள் அறுபது வீதத்துக்கு மேற்பட்டோர் பெண்கள். மருத்துவ பீடங்களில் அவர்கள் அரைவாசிக்குக் குறையவில்லை. பொறியியற் பீடங்களிலோ சிறுபான்மையினரே.

இவ்வேறுபாடே ஆழ்ந்து நோக்கற்பாலது. மருத்துவத்தை நாடும் உயிரியற் பிரிவு மாணவியும் பொறியியலை நாடும் கணிதப் பிரிவு மாணவனும் பௌதிகவியலையும் இரசாயனவியலையும் ஒரே பாடத்திட்டத்திற் கற்று, ஒரே வினாத்தாளுக்கு விடையெழுதுகின்றனர். வேறுபடுவது ஒரு பாடம் மட்டுமே: ஒருத்திக்கு உயிரியல், மற்றவனுக்கு இணைந்த கணிதம். பெண்ணின் மூளைக்குப் பௌதிகவியல் ஒவ்வாது என்ற பழங்கதை அப்பரீட்சை மண்டபத்திலேயே பொய்த்துவிடுகிறது. மருத்துவம் பராமரிப்பின் நீட்சியாகக் கருதப்படுவதால் குடும்பமும் ஆசிரியரும் அதற்கு இசைகின்றனர். கலியாணச் சந்தையிலும் டொக்டர் மணமகளுக்குப் பெறுமதியுண்டு. இயந்திரமும் வேலைத்தலமும் ஆணின் உலகம் என்ற கருத்துநிலையோ கணிதப் பிரிவின் வாசலிற் காவல் நிற்கிறது. (நமது முற்போக்கு நாவலாசிரியர்களும் ஆசிரியையையும் தாதியையும் படைத்த அளவுக்குப் பெண் பொறியியலாளரைப் படைத்தாரல்லர்.)

எனினும் கருத்துநிலையை மட்டும் சாடி அமைவது கருத்துமுதல்வாதமாகவே முடியும். நாட்டின் ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகளுள் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி பாடசாலைகள் பத்தில் ஒரு பங்களவே. 1சி பாடசாலைகளிற் கலையும் வர்த்தகமுமே உண்டு. அத்தகைய பாடசாலையில் பயிலும் மாணவி கலைப் பிரிவைத் 'தெரிவுசெய்தாள்' என்று எழுதும் ஆய்வாளர், தெரிவு என்னும் சொல்லின் பொருளை அறிந்துதான் எழுதுகிறாரா?

வர்க்கமும் பாலும் இங்கு பின்னிப்பிணைகின்றன. நகரத்துப் பெரிய மகளிர் கல்லூரியில் இணைந்த கணிதத்துக்கு ஆசிரியருண்டு, ஆய்வுகூடமுண்டு, மாலையில் ரியூட்டரிக்கு அழைத்துச்செல்லத் தந்தையின் வாகனமுமுண்டு. மலையகத்திலோ தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதே 1970களில்தான். தோட்டத்து மாணவி விஞ்ஞானப் பிரிவை நாடி நகருக்குச் செல்வதாயின், பஸ் கட்டணமும் விடுதிச் செலவும் கொழுந்து பறிக்கும் தாயின் நாட்சம்பளத்திலிருந்தே வரவேண்டும். மகனுக்கெனில் கடன்பட்டேனும் அச்செலவு செய்யப்படும். மகளுக்கெனில், இருட்டிய பின் பஸ் இறங்கி லயத்துக்கு நடக்கவேண்டிய பாதை பற்றிய அச்சமும் கணக்கிற் சேர்கிறது. அவள் அருகிலுள்ள பாடசாலையிற் கலைப் பிரிவிற் சேர்கிறாள். பின்னர் வரும் வினாக்கொத்தில் 'விஞ்ஞானத்தில் ஆர்வமில்லை' என்று அவள் அடையாளமிட்டால் அதில் வியப்பில்லை.

ஆகவே ஆய்வு அவளது மனப்பாங்கிலிருந்தன்றி, அவளது கல்வி வலயத்தில் இணைந்த கணிதம் கற்பிக்கும் ஆசிரியர் எத்தனை பேர், அவர்கள் எந்தெந்தப் பாடசாலைகளில் உள்ளனர், அங்கு சென்று திரும்ப எவ்வளவு செலவாகும் என்ற கணக்கிலிருந்தே தொடங்கவேண்டும்.