ரெண்டு கலர்!

1993-ல் வந்த பெப்ஸி விளம்பரம் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மற்றவர்களுக்காகச் சுருக்கம்: ஆமிர்கான் வீட்டுக் கதவை, பக்கத்தில் புதிதாகக் குடிவந்த மஹிமா சவுத்ரி தட்டுகிறார். பெப்ஸி கிடைக்குமா? ஃப்ரிட்ஜில் இல்லை. இல்லை என்று சொல்ல ஆமிருக்கு மனசு வருமா? ஜன்னல் வழியாகக் குதித்து, மழையில் ஓடி, எப்படியோ வாங்கி வந்துவிடுகிறார். மூச்சு வாங்கி முடிப்பதற்குள் மறுபடி கதவு தட்டல். தோழி சஞ்சுவாம். பார்த்தால், ஐஸ்வர்யா ராய்! அவருக்கும் ஒன்று வேண்டும்.

ஐஸ்வர்யா வருவது சில விநாடிகள்தான். உலக அழகிப் பட்டமெல்லாம் அடுத்த வருஷம். இயக்கியவர் பிரஹ்லாத் கக்கர். கதை மட்டும் இரவல். 1987-லேயே அமெரிக்காவில் டயட் பெப்ஸிக்காக மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் இதேபோல் குதித்து ஓடிவிட்டார். அங்கே தோழியின் பெயர் டேனி. ஆம்பளைப் பெயர் மாதிரி இருக்கிறதல்லவா, அதற்கு ஈடாகத்தான் இங்கே சஞ்சு. கோடம்பாக்கத்தில் இதைச் செய்தால் 'சுட்ட கதை' என்போம்.

ஆனால், சுட்ட தோசை நம்ம கல்லில்தான் நன்றாக வெந்திருக்கிறது. அங்கே அந்த ஓட்டம் ஒரு வாலிபனின் அசட்டுத்தனம். இங்கே அது குடும்ப வழக்கம். சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக்கு வெளியூர்ச் சொந்தம் வந்து உட்கார்ந்ததும் அம்மா பையனுக்குக் கண்ணைக் காட்டுவாள். அவன் பின்வாசல் வழியாகப் பெட்டிக்கடைக்கு ஓடுவான். "அண்ணாச்சி, ரெண்டு கலர்!" வந்தவர் "எதுக்கு இதெல்லாம்?" என்பார். என்றபடியே குடிப்பார். ஆமிரின் ஜன்னல் நம்ம பின்வாசல்தான்.

ஒரே ஒரு வித்தியாசம். நம்ம வீட்டில் விருந்தாளி வாய்விட்டுக் கேட்கமாட்டார், நாமாகத் தரணும். விளம்பரத்தில் கேட்கிறார், அதுவும் பெயர் சொல்லி. முழு வியாபாரமும் அந்தப் பெயரில் இருக்கிறது. 'கலர்' என்று கேட்டவரை அண்ணாச்சி எதை எடுத்துக் கொடுத்தாலும் செல்லும். கோலி சோடாவுக்கும், விருதுநகரில் 1916-ல் தொடங்கிய காளிமார்க்குக்கும் அந்தப் பொதுப்பெயரில் இடம் இருந்தது. பெயர் சொல்லிக் கேட்க ஆரம்பித்ததும் அண்ணாச்சியின் கை கட்டப்பட்டது.

2017 மார்ச் 1 முதல் பெப்ஸி, கோக் விற்கமாட்டோம் என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தன. ஜனங்கள் காளிமார்க்கின் பொவண்டோவைத் தேடினார்கள். சந்தோஷம். ஆனால், அதையும் பெயர் சொல்லித்தான் கேட்டார்கள். பெப்ஸியை ஒதுக்கியபோதும் அது சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒதுக்க முடியவில்லை. நல்ல விளம்பரம் என்பது இதுதான்.