அரசு முன்வருமா?

2021-ஆம் ஆண்டின் மழைக்காலக் கூட்டத்தொடர். கையால் மலம் அள்ளும் தொழிலில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று மாநிலங்களவையில் ஒரு கேள்வி. ஜூலைக் கடைசியில் சமூக நீதி அமைச்சகம் எழுதிக் கொடுத்த பதிலின் சாரம் இவ்வளவுதான்: அப்படி ஒரு மரணமும் பதிவாகவில்லை. சில நாட்களில், அதே கூட்டத்தொடரில், அதே அமைச்சகம் இன்னொரு கணக்கைத் தந்தது. சாக்கடைக் குழாய்களிலும் செப்டிக் டேங்க்குகளிலும் இறங்கிச் சுத்தம் செய்தபோது 1993 முதல் இறந்தவர்கள் 941 பேர். மாநில வரிசையில் முதலிடம் நமக்குத்தான். தமிழ்நாடு, 213.

ஒரு பதிலில் பூஜ்யம், இன்னொன்றில் 941. படிக்கிறவருக்கு முதலில் வருவது கோபம். ஆனால் உட்கார்ந்து படித்தால் ரெண்டு பதிலும் சட்டப்படி சரி என்று தெரியும். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ‘கையால் மலம் அள்ளுபவர்’ என்பதற்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது; சாக்கடையையும் செப்டிக் டேங்க்கையும் பாதுகாப்புக் கருவி இல்லாமல் சுத்தம் செய்வதை ‘அபாயகரமான சுத்தம் செய்தல்’ என்று தனியாக வரையறுக்கிறது. முதல் சொல்லைப் போட்டுக் கேட்டால் பூஜ்யம், இரண்டாவதைப் போட்டுக் கேட்டால் 941. குழிக்குள் இறங்கியவர்கள் என்னவோ அதே ஆட்கள்தான்.

இலக்கியம் படிக்கிறவர்கள் நாடாளுமன்றக் கேள்விகளை ஏன் படிக்கணும் என்று யாராவது கேட்டால் நான் இந்த இரண்டு பதில்களையும்தான் காட்டுவேன். ஒரு பெயர்ச்சொல்லை மாற்றினால் 941 பேர் காணாமல் போகிற எழுத்து வடிவம் வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. நம்முடைய மக்கள் பிரதிநிதிகள் இந்த வடிவத்தை எப்படிக் கையாள்கிறார்கள், எங்கே கோட்டை விடுகிறார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்க நினைக்கிறேன்.

1

முதலில் யாப்பு. மக்களவை நடைமுறை விதிகளில் 41-ஆவது விதி ஒரு கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. 150 சொற்களைத் தாண்டக் கூடாது. வாதம் கூடாது, ஊகம் கூடாது, கிண்டல் கூடாது, அடைமொழி கூடாது, யார் மீதும் பழி போடக் கூடாது. அமைச்சரின் கருத்தைக் கேட்கக் கூடாது. மத்திய அரசின் முதன்மைப் பொறுப்பில் இல்லாத விஷயத்தைக் கேட்கவே கூடாது. நாம் தினமும் ஃபேஸ்புக்கிலும் எக்ஸிலும் அரசைக் கேட்கிற கேள்விகளை இந்த விதியில் போட்டுச் சலித்துப் பாருங்கள். மிஞ்சுவது ரொம்பக் கொஞ்சம்தான். ‘வெட்கமாக இல்லையா?’ என்பது போய்விடும். ‘எத்தனை?’, ‘எப்போது?’, ‘எந்த ஆணையின்படி?’ ஆகியவை நிற்கும்.

குறைந்தது 15 நாள் முன்னறிவிப்போடு கேள்விகள் போகின்றன. ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்டவை 20. இவற்றுக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்லணும், உறுப்பினர்கள் துணைக் கேள்வி கேட்கலாம். நட்சத்திரம் இல்லாதவை 230. இவற்றுக்கு எழுத்தில் மட்டும் பதில். தொலைக்காட்சியில் வருவது முதல் வகை. இரண்டாம் வகை அநாதைப் பிள்ளை மாதிரி, யாரும் கண்டுகொள்வதில்லை.

இந்த அநாதைப் பிள்ளைக்கு ஒரு வரலாறு உண்டு. 1892-ஆம் ஆண்டு இந்தியக் கவுன்சில் சட்டம்தான் இங்கே உறுப்பினர்களுக்கு முதலில் கேள்வி கேட்கும் உரிமையைக் கொடுத்தது. கேட்கலாம், ஆனால் பதிலின் மேல் திருப்பிக் கேட்கக் கூடாது. துணைக் கேள்வி உரிமை 1909-இல்தான் வந்தது, அதுவும் கேட்டவருக்கு மட்டும். அப்படிப் பார்த்தால் இன்றைய எழுத்துக் கேள்வி 1892-இலேயே நிற்கிறது. வெள்ளைக்காரன் போட்ட வாய்ப்பூட்டு இன்னும் கழலவில்லை என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே ரத்து செய்தபோது மிச்சம் இருந்தது இதுதான். ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்விக்கு, அப்படியொரு தரவு பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதில் சொன்னதும் அந்தக் கூட்டத்தொடரில்தான். கணக்கு வைத்திருக்கவில்லை என்பதை அரசே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஆவணம் அது. ஆயிரம் தலையங்கம் எழுதினாலும் அந்த ஒரு வரி கிடைத்திருக்காது.

2

பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த நன்னூலைக் கொஞ்சம் தூசி தட்டுவோம். பவணந்தியார் வினாவை ஆறாகப் பிரிக்கிறார்: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. விடை எட்டு வகை. ஐந்து மார்க் கேள்வியாக இதை எழுதிவிட்டு மறந்துபோனோம். சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளைப் படிக்க இதைவிட நல்ல கருவி இல்லை.

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் எது? எந்தக் கட்சி, எந்தத் தொகுதி என்றில்லை. “...அமைத்துத் தர அரசு முன்வருமா என்பதை மாண்புமிகு பேரவைத் தலைவர் வாயிலாக அறிய விரும்புகிறேன்.” பாலம் கட்ட முன்வருமா, கல்லூரி கொடுக்க முன்வருமா, தடுப்பணை கட்ட ஆவன செய்யுமா. இது கொளல் வினா. கடைக்காரரிடம் “பருப்பு இருக்கா?” என்று கேட்கிற வகை. கேட்பவருக்குத் தகவல் தேவையில்லை, பருப்புதான் தேவை. கடைக்காரரும் இருக்கு, இல்லை, நாளைக்கு வாங்க என்பதில் ஒன்றைச் சொல்வார். அமைச்சரும் அப்படித்தான்: நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்.

இதைக் கேலி செய்வது சுலபம். தொகுதியில் பாலம் இல்லாமல் ஆற்றைச் சுற்றிப் போகிற சனத்துக்கு அந்தக் கேள்விதான் வேணும். பல பாலங்கள் அப்படித்தான் வந்திருக்கின்றன. ஆனால் அது வினா உருவில் இருக்கும் மனு. மனுவில் கொடுப்பவர் மேலே, கேட்பவர் கீழே. கணக்குக் கேட்கும் இடத்திலும் உறுப்பினரின் நாக்கு பழக்கத்தில் ‘முன்வருமா’ என்றே முடித்தால், அரசு போன வருஷம் செய்யாமல் விட்டது பேச்சிலிருந்தே நழுவிப் போகிறது. ‘முன்வருமா’ எதிர்காலம். பொறுப்புக் கேட்பது இறந்த காலத்தில்தான் நடக்கும்.

பொறுப்புக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் அறிவினா. வாத்தியார் பையனைக் கேட்பது போல, விடை தெரிந்தவர் கேட்பது. இதற்கு நம் நாட்டின் பாடப்புத்தக உதாரணம் முந்த்ரா விவகாரம். அதில் சிக்கியவர் நம் சென்னைக்காரர், நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. 1957 செப்டம்பரில் ராம் சுபக் சிங் ஒரு நட்சத்திரக் கேள்வி கேட்டார். எல்.ஐ.சி. நிறுவனம் முந்த்ராவின் கம்பெனிகளில் பணம் போட்டிருக்கிறதா? நழுவலான பதில் வந்தது. நழுவலாக இருந்தாலும் அது அவைப் பதிவில் ஏறிவிட்டது. டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி எழுந்தார். பிரதமர் நேருவின் மருமகன், ஆளுங்கட்சி உறுப்பினர். பங்குச்சந்தை விலைகளையும் தேதிகளையும் கையில் வைத்துக்கொண்டு அரசின் பதில்களோடு ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தார். சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய், அந்தக் காலத்துப் பணம். எம்.சி. சாக்ளா தலைமையில் விசாரணை, அதுவும் பொதுமக்கள் முன்னால். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் பதவி விலகினார்.

இந்தக் கதையில் எல்லோரும் ஃபெரோஸ் காந்தியின் பேச்சைக் கொண்டாடுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் நடுவில் இருந்த மூன்று மாதம். ஒரு பதிலைப் பத்திரமாக வைத்திருந்து, அதை அடுத்த கேள்விக்கு மூலப்பொருளாக்கும் பொறுமை. திருப்பிக் கேட்க முடியாத எழுத்துக் கேள்விக்கும் இதுதான் வழி. துணைக் கேள்வியை அடுத்த கூட்டத்தொடரில் இன்னொரு கேள்வியாகக் கேட்கணும்.

3

பதில்களுக்கும் இலக்கணம் உண்டு. “ஆடுவாயா?” என்றால் “பாடுவேன்” என்பது இனமொழி விடை. எழுத்துப் பதில்களில் இது ஏராளம். நிதி எவ்வளவு செலவானது என்று கேட்டால் எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று வரும். எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேட்டால் எத்தனை பேருக்குப் பயிற்சி தரப்பட்டது என்று வரும். அவசரத்தில் படிக்கிற நிருபர் அதை அப்படியே செய்தியாக்கிவிடுவார்.

“தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் மேசையில் வைக்கப்படும்” என்பது உறுவது கூறல். இனி நடக்கப்போவதைச் சொல்லி இப்போதைக்குத் தப்பிப்பது. இதைப் பிடிக்கத்தான் 1953-இல் மக்களவையில் அரசு உறுதிமொழிக் குழு வந்தது. எந்தெந்தச் சொற்றொடர்கள் வந்தால் அது உறுதிமொழி என்று அந்தக் குழு ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. கொடுத்த வாக்கை மூன்று மாதத்தில் நிறைவேற்றணும். நமது சட்டமன்றத்திலும் அதே பெயரில் குழு உண்டு. வாக்கியங்களை வைத்து அரசைப் பிடிக்கும் குழு என்பதே எனக்கு ஒரு நல்ல விமர்சகனின் வேலை மாதிரி படுகிறது.

கடினமானது மறை விடையும் அல்ல, பொய்யும் அல்ல. வேறு ஒருவரைக் கை காட்டும் விடை. 2021 ஜூலையில் ஆக்சிஜன் பற்றாக்குறை மரணங்கள் பற்றிய கேள்விக்கு மத்திய சுகாதார அமைச்சகம், மாநிலங்கள் அப்படிக் குறிப்பிட்டு எதையும் தெரிவிக்கவில்லை என்றது. மாநிலங்களைக் கேட்டால் எங்களிடம் அப்படி ஒரு படிவம் வரவில்லை என்பார்கள். ஆள் செத்தது உண்மை, கட்டம்தான் இல்லை.

4

இந்தக் கை காட்டல் ஒரு சின்ன ஊரில் எப்படி வேலை செய்யும் என்பதற்குச் சென்னீர்குப்பத்தை எடுத்துக்கொள்ளலாம். பூந்தமல்லியை ஒட்டி, ஆவடி போகிற பக்கம். கிடங்குகள், பட்டறைகள், வாடகை வீடுகள், அடுக்ககங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதை ‘கணக்கெடுப்பு நகரம்’ என்கிறது. ஐயாயிரம் பேருக்கு மேல், ஆண் தொழிலாளரில் முக்கால்வாசிப் பேராவது விவசாயம் அல்லாத வேலையில், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது என்ற அளவுகோல்படி அது நகரம். அதே வருஷம் நிர்வாகக் கணக்கில் அது கிராம ஊராட்சி. சென்சஸ்காரருக்கு டவுன், கலெக்டர் ஆபீசுக்குக் கிராமம்.

இப்போது இங்கே செப்டிக் டேங்க் பற்றி யாரைக் கேட்பது? நகராட்சி நிர்வாகத் துறையைக் கேட்டால், ஊராட்சிப் பகுதி என்பதால் வினா எழவில்லை. ஊரக வளர்ச்சித் துறையைக் கேட்டால், ஊரகப் பகுதிக்குப் பாதாளச் சாக்கடை வரையறைக்குள் இல்லை. நாடாளுமன்றத்தில் கேட்டால், மாநிலப் பொருள். மூன்று பதிலும் சரியாகவே இருக்கும். கழிவுநீர் லாரி மட்டும் ராத்திரியில் எங்கேயோ போய் இறக்கிவிட்டு வரும். மனிதன் இறங்குகிற குழிக்கு நகரம், கிராமம் என்ற பேதம் கிடையாது.

“சென்னீர்குப்பத்தில் கழிவுநீர்ப் பிரச்சினையைத் தீர்க்க அரசு முன்வருமா?” என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று நாமே எழுதிவிடலாம். பயிற்சிக்காக நான் வேறு மாதிரி எழுதிப் பார்க்கிறேன்:

ஊரக வளர்ச்சித் துறை அமைச்சர் அவர்கள் கூறுவார்களா:
(அ) பூந்தமல்லி ஒன்றியத்தில், 2011 கணக்கெடுப்பில் நகரம் என வகைப்படுத்தப்பட்ட ஊராட்சிகள் எவை;
(ஆ) அவை ஒவ்வொன்றிலும் கழிவுநீர் எடுக்க உரிமம் பெற்ற வாகனங்கள் எத்தனை, அக்கழிவு எந்த நிலையத்தில் இறக்கப்படுகிறது;
(இ) அந்த எல்லைகளுக்குள் செப்டிக் டேங்க், சாக்கடை, கழிவுநீர்க் குழி ஆகியவற்றில் எக்காரணம் கொண்டு இறங்கியும் 1993 முதல் இறந்தவர்கள் எத்தனை பேர், இழப்பீடு பெற்ற குடும்பங்கள் எத்தனை?

கோபமான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் ‘நகரம்’, ‘ஊராட்சி’ இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கட்டிப்போட்டாயிற்று. ‘எக்காரணம் கொண்டும்’ என்பது அந்தப் பூஜ்யம் நுழைகிற சந்தை அடைக்கிறது. 1993 என்ற வருஷமும் சும்மா போட்டதில்லை. 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. கணக்கில் வராத மரணத்துக்கு அந்தப் பணம் வராது. ஒரு வீட்டில் பிள்ளைகள் படிப்பதும் நிறுத்துவதும் சட்டமன்றச் செயலகத்துக்குப் போகும் ஒரு தாளில் எந்தச் சொல் இருக்கிறது என்பதில் மாட்டியிருக்கிறது.

5

தமிழில் எழுதிப் பழகிய இருவர் இப்போது மக்களவையில் இருக்கிறார்கள் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். ‘நிறப்பிரிகை’ ரவிக்குமார் விழுப்புரத்திலிருந்து, ‘காவல் கோட்டம்’ சு. வெங்கடேசன் மதுரையிலிருந்து. இருவரும் தங்கள் கேள்விகளையும் வந்த பதில்களையும் பொதுவில் பகிர்கிறவர்கள். வெங்கடேசன் ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்துக்கு மத்திய உள்துறை இந்தியில் பதில் அனுப்பியபோது அவர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். எந்த மொழியில் கேட்டார்களோ அந்த மொழியில் பதில் தரணும் என்று 2021 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. புரியாத மொழியில் வரும் பதில், பதில் ஆகாது. மொழியோடு புழங்குகிறவர்களுக்கு இது தானாகவே உறைக்கிறது.

இந்த வடிவத்துக்கு நோய்களும் உண்டு. 2005 டிசம்பரில், கேள்வி கேட்கக் காசு வாங்கியதற்காக 11 உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள். அதைவிடப் பரவலான நோய் எண்ணிக்கைப் பித்து. ‘எங்கள் எம்.பி. இத்தனை கேள்வி கேட்டார்’ என்று தேர்தல் நோட்டீஸில் போடுவது. ஒரு கவிஞர் இத்தனை கவிதை எழுதினார் என்று சொல்லி அவரை மதிப்பிடுவோமா? ஆனால் உறுப்பினர்களை அப்படித்தான் மதிப்பிடுகிறோம். ஒரே திட்டத்தின் பெயரை மாற்றி மாற்றிக் கேட்கும் நூறு கேள்விகளைவிட, வந்த பதிலைப் பிடித்துக்கொண்டு நான்கு கூட்டத்தொடர் விடாமல் துரத்தும் ஒரு கேள்வி மேல்.

இன்னொரு கதவும் சத்தமில்லாமல் சாத்தப்பட்டிருக்கிறது. 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் தனிநபர் தகவல் பிரிவில் ஒரு வரி இருந்தது. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்தக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்பது அதன் பொருள். உறுப்பினரின் கேள்வியையும் நம்முடைய கேள்வியையும் ஒரே தட்டில் வைத்த வரி. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வரியை எடுத்துவிட்டது. அப்படியென்றால் உறுப்பினர் கேட்கும் கேள்வியின் கனம் கூடுகிறது. அவர் ‘முன்வருமா’ என்று முடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் நமக்கு இருக்கிற வழி இன்னும் குறுகும்.

மக்களவை, மாநிலங்களவை இணையதளங்களில் கேள்விகளும் பதில்களும் தேதிவாரியாகக் கிடக்கின்றன. உங்கள் தொகுதி உறுப்பினர் கேட்ட ஒரு கேள்வியை எடுங்கள். அது ஆறில் எந்த வினா, வந்தது எட்டில் எந்த விடை என்று பென்சிலால் குறியுங்கள். அடுத்த முறை அவர் ஊர்ப்பக்கம் வரும்போது சால்வைக்குப் பதில் அந்தத் தாளைக் கொடுக்கலாம்.