பந்தும் மட்டையும் ஒரே கையில்

1952 ஜூன் மாதம் லார்ட்ஸ் மைதானத்தில் இந்திய ஆட்டக்காரர் வினூ மன்கட் செய்ததை இன்றைய உடற்பயிற்சி நிபுணர் எவரும் அனுமதிக்கமாட்டார். தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 72 ஓட்டங்கள் எடுத்தார். இங்கிலாந்து ஆடியபோது 73 ஓவர்கள் வீசி, 196 ஓட்டங்கள் கொடுத்து 5 விக்கெட் வீழ்த்தினார். தோள் ஆறுவதற்குள் மறுபடியும் தொடக்க ஆட்டக்காரராகப் போய் 184 அடித்தார். கடைசியில் இன்னும் 24 ஓவர்கள் வீசினார். இத்தனைக்குப் பிறகும் இந்தியா 8 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. ‘மன்கட் டெஸ்ட்’ என்று இன்றும் பேசப்படும் அந்த ஆட்டத்தின் ஸ்கோர்கார்டு, ஒரே ஆள் பந்தும் வீசி மட்டையும் பிடிக்கும் முறையின் பெருமையையும் போதாமையையும் சேர்த்தே காட்டுகிறது.

மும்பை ட்ராம்பேயின் சீத்தா கேம்ப் போன்ற இடங்களில் இது பழங்கதை அல்ல. ‘ரெண்டும் பண்ணுவான்’ என்பதுதான் இங்கே ஒரு பையனுக்குக் கிடைக்கும் பெரிய சான்றிதழ். அந்தச் சான்றிதழின் உண்மையான மதிப்பு என்ன என்று எடைபோட, மன்கட்டின் கணக்கைவிட நல்ல தராசு கிடைக்காது.

முதலில் வரவு. இந்தியாவின் முதல் ஐந்து டெஸ்ட் வெற்றிகளிலும் மன்கட் ஆடினார். வெறுமனே உடன் இருந்தவர் அல்லர். 1952 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் கிடைத்த முதல் வெற்றியில் 55 ஓட்டங்களுக்கு 8, 53 ஓட்டங்களுக்கு 4 என 12 விக்கெட்டுகள். அதே ஆண்டு அக்டோபரில் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக 13. அடுத்துப் பம்பாயில், தமது 23ஆவது டெஸ்டிலேயே, 1000 ஓட்டங்களையும் 100 விக்கெட்டுகளையும் எட்டினார். அந்த வேகத்தை மிஞ்ச இங்கிலாந்தின் இயன் போதம் வரவேண்டியிருந்தது. நியூசிலாந்துக்கு எதிரான தொடரில் 1955 டிசம்பரில் பம்பாயில் 223, 1956 ஜனவரியில் மதராஸில் 231. மதராஸில் பங்கஜ் ராயுடன் சேர்த்த 413 ஓட்டங்கள் 52 ஆண்டுகள் தொடக்க இணையின் உலகச் சாதனையாக நின்றன. ஆள்பலம் குறைந்த ஓர் அணிக்கு இப்படி ஒருவர் கிடைப்பது பன்னிரண்டு பேருடன் களமிறங்குவதற்குச் சமம்.

இனி செலவு. 44 டெஸ்ட்களில் 2109 ஓட்டங்கள், சராசரி 31.47, 162 விக்கெட்டுகள், சராசரி 32.32. மட்டைச் சராசரி பந்துச் சராசரியைவிட உயர்ந்திருக்க வேண்டும் என்பது ஆல்ரவுண்டர்களுக்கான வழக்கமான அளவுகோல். மன்கட் அதற்குச் சற்றுக் கீழேதான் நிற்கிறார். அவர் அந்த இரண்டிலும் குறைந்தவர் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஒரு வேலையின் களைப்பு மறுவேலையின் கணக்கில் ஏறியிருக்கிறது என்றே நான் படிக்கிறேன். போதாக்குறைக்கு, ஒன்றாம் இடத்திலிருந்து பதினொன்றாம் இடம்வரை எல்லா இடங்களிலும் அவரை ஆடவைத்தார்கள். 184உம் 231உம் தொடக்க ஆட்டக்காரராக வந்து அடித்தவருக்கு நிலையான இடம் ஒன்றைத் தராமல், ஓட்டை விழுந்த இடத்திலெல்லாம் அவரைக் கொண்டு அடைத்தார்கள். பல்திறனை மெச்சுகிறோம் என்ற பெயரில் திறனைச் சிதறடித்த கதை இது.

இதைவிடப் பெரிய குறை, அணி ஒரே தூணில் சாய்ந்துவிடுவது. லார்ட்ஸ் ஆட்டம் நடந்த அதே 1952 தொடரின் முதல் டெஸ்டில் மன்கட் இல்லை. இடம் உறுதி என்ற வாக்குறுதியை இந்திய கிரிக்கெட் வாரியம் தராததால், லங்காஷயர் லீகில் ஹாஸ்லிங்டன் கிளப்பின் சம்பள ஆட்டக்காரராகப் போயிருந்தார். லீட்ஸில் இந்தியா இரண்டாம் இன்னிங்ஸில் ஓட்டக் கணக்கைத் தொடங்கும் முன்பே 4 விக்கெட்டுகளை இழந்தது. அவர் இருந்திருந்தால் இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ட்ரூமனின் பந்து மெதுவாக வந்திருக்காது. ஆனால், அடுத்த ஆட்டத்துக்கே கிளப்பிடம் கேட்டு அவரை வரவழைத்துக்கொண்டார்கள் என்பது வாரியத்தின் பதற்றத்தைச் சொல்கிறது. தேவைப்பட்டால் தூக்கிச் சுமக்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு உத்தரவாதம் மட்டும் தரமாட்டோம்.

பேஸ்பால் இந்தச் சிக்கலை முன்பே சந்தித்தது. லூயிவில் அணியின் பந்துவீச்சாளர் கை ஹெக்கர் 1884இல் மட்டும் 52 ஆட்டங்களை வென்றார். 1886இல் அவருடைய லீகின் மட்டைச் சராசரிப் பட்டத்தையும் எடுத்தார். கை ஓய்ந்துபோய், 1890க்குப் பின் பெரிய லீகில் அவரைக் காணோம். பாஸ்டனில் சிறந்த பந்துவீச்சாளராக இருந்த பேப் ரூத், 1920இல் நியூயார்க் போனதும் பந்துவீச்சை ஏறக்குறையக் கைவிட்டு மட்டையைப் பற்றிக்கொண்டார்; அந்த ஆண்டே 54 ஹோம் ரன். பிறகு விதியே பிரிவினையை ஏற்றது. பந்துவீச்சாளருக்குப் பதிலாக மட்டைக்கென்றே ஓர் ஆள் ஆடலாம் என்று 1973இல் அமெரிக்க லீகும், 2022இல் தேசிய லீகும் முடிவு செய்தன. இரண்டையும் விடாத ஷோஹெய் ஓதானி அதற்குத் தந்த விலை 2018இலும் 2023இலும் முழங்கையில் அறுவைச் சிகிச்சை.

அப்படியானால் பிரித்துவிடுவதே நல்லதா? ஐபிஎல் 2023இல் கொண்டுவந்த ‘இம்பாக்ட் பிளேயர்’ விதி கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறது. பந்துவீச்சாளரை வெளியே எடுத்துவிட்டு மட்டையாளரை உள்ளே விடலாம். ஆட்டம் சூடுபிடித்தது, 200 ஓட்டங்கள் சாதாரணமாயின. ஆனால், சென்னைக்காரர் வாஷிங்டன் சுந்தருக்கும் மும்பைக்காரர் சிவம் துபேக்கும் பந்துவீச வாய்ப்புச் சுருங்குகிறது என்று ரோஹித் சர்மாவே 2024இல் குறைபட்டார். குறை நியாயமானது. அரைத்திறனை முழுத்திறனாக்குவது ஆட்டக் களம்தான். களத்தை மூடிவிட்டால் இரண்டாம் திறன் வலைப்பயிற்சியோடு நின்றுவிடும். 106 டெஸ்ட்களில் 537 விக்கெட்டுகளோடு 3503 ஓட்டங்களும் எடுத்த அஸ்வின், மட்டையோடு திரும்பத் திரும்பக் களமிறங்கித்தானே ஆறு சதம் அடித்தார்?

ஆக, சேர்ப்பதா பிரிப்பதா என்ற கேள்விக்கு முன்னால் இன்னொன்று நிற்கிறது: முடிவு யார் கையில்? மும்பை கிரிக்கெட்டின் பழைய வரலாறு இதற்குக் கசப்பான விடை வைத்திருக்கிறது. பல்வங்கர் பாலு 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட்டுகள் வீழ்த்திய மாபெரும் பந்துவீச்சாளர். புனேயில் வெள்ளையர் கிளப்பின் மைதான ஊழியராக அவர் மணிக்கணக்கில் வலையில் பந்து வீசினார். மட்டை பிடிக்க அவருக்கு அங்கே வாய்ப்புத் தரவில்லை என்று வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா எழுதுகிறார். பந்துவீச்சு உழைப்பு, மட்டை பிரபுக்களுடையது. ஒரு தலித் இளைஞனின் உழைப்பை வாங்கிக்கொண்டு, இன்னொரு திறன் அவனுக்கு உண்டா என்று கேட்கவே இல்லை.

அந்தப் பிரிவினை இன்று சாதியின் பெயரில் சொல்லப்படுவதில்லை; விலையின் பெயரில் நடக்கிறது. 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், ஜனதா காலனி மக்களை இடம்பெயர்த்து உருவாக்கிய குடியிருப்பு சீத்தா கேம்ப். இப்படிப்பட்ட நெருக்கமான சந்துகளில் பையன்கள் அண்டர்ஆர்ம் ஆட்டத்தில் பந்தும் மட்டையும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். அங்கே எல்லாருமே ஆல்ரவுண்டர்கள். லெதர் பந்து ஆடும் மைதானத்துக்குப் போனதும் கணக்கு மாறுகிறது. நல்ல மட்டை, பேட், கையுறை, ஹெல்மெட் எல்லாம் ஆயிரக்கணக்கில் விலை. பந்து வீச ஒரு ஜோடி ஷூ போதும். காசு கட்டியவன் வலைக்குள் மட்டையோடு நிற்க, இல்லாதவன் நெட் பௌலர் ஆகிறான்.

ஆகவே ‘ரெண்டும் பண்ணுவான்’ என்பதைக் கொண்டாடும் முன் மூன்றைச் சரிபார்க்க வேண்டும். வளரும் வயதுப் பையன் வாரத்துக்கு எத்தனை ஓவர் வீசுகிறான் என்று யாராவது எழுதிவைக்கிறார்களா? அரைமணி வலையில் வீசியவனுக்குக் கால்மணியாவது, கிளப்பின் பொது மட்டையோடு, அதே வலையில் இடம் உண்டா? எது தன் முதல் திறன் என்று முடிவெடுக்கும் உரிமை அவனிடம் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் இந்த முறையைவிட அணிக்கு லாபமானது வேறில்லை. இல்லையென்றால், ஆல்ரவுண்டர் என்ற பட்டத்தைச் சூட்டி ஒரு கூலிக்கு இரண்டு வேலை வாங்குகிறோம், அவ்வளவுதான். 19 வயதுக்குட்பட்டோருக்கான தேசியப் போட்டிக்கு வினூ மன்கட் பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்த வயதுப் பையன்களுக்கு அவருடைய சாதனைகளைச் சொல்லும்போது, லார்ட்ஸில் வீசிய அந்த 97 ஓவர்களையும் சேர்த்தே சொல்லவேண்டும்.