தொடங்கியவன் கதையும் செய்தவள் கையும்

1

புதிய தொழில்நுட்பம் பற்றி நம் சிறுபத்திரிகைச் சூழலில் இரண்டு விதமான பேச்சுகள்தான் கேட்கக் கிடைக்கின்றன. 'நுகர்வு மோகம்' என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவது ஒன்று. 'உலகம் எங்கேயோ போயிருச்சு, நாம இன்னும் கரிசல்ல கிடக்கோம்' என்கிற தாழ்வுணர்ச்சி இன்னொன்று. இரண்டு தரப்பும் அந்தப் பிரதிகளை வாசிப்பதில்லை என்பதே என் குற்றச்சாட்டு. ஸ்டார்ட்அப் செய்திகள், புதிய செல்போன்களின் மதிப்புரைகள், தொழில்முனைவோர் கூட்டங்களில் நிகழ்த்தப்படும் உரைகள் இவற்றை நான் பல வருஷமாக விடாமல் வாசித்தும் கேட்டும் வருகிறேன். வெம்பக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு இதெல்லாம் உமக்கு எதுக்கு என்று கேட்கிற தோழர்கள் உண்டு. ஒரு நாவலை எதற்காக வாசிக்கிறோமோ அதற்காகத்தான். இன்றைய இளைஞர்கள் மிக அதிகமாக வாசிக்கிற கதையாடல் இதுவே. இதற்கென்று ஒரு இலக்கணம் இருக்கிறது. யாரைப் பேசவைப்பது, யாரை மௌனமாக்குவது என்கிற ஏற்பாடும் இருக்கிறது.

அந்த ஏற்பாட்டில் 'ரிஸ்க்' என்கிற ஒரு சொல் என்ன வேலை பார்க்கிறது என்பதைத்தான் இங்கே பேச விரும்புகிறேன். இந்தச் சொல்லைக் கூச்சமில்லாமல் உச்சரிப்பதற்குப் பட்டாசு வட்டாரத்துக்காரனுக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டென்று நினைக்கிறேன்.

2

தொடங்கியவனின் கதைக்கு ஒரு அச்சு உண்டு. சின்ன ஊர் அல்லது நடுத்தர வர்க்கத்துப் பையன், ஒரு அற்ப சம்பவம், பாதுகாப்பான வேலையை உதறுதல், ஒன்றிரண்டு நண்பர்கள், ஒரு சிறிய அறை, பிறகு பங்குச் சந்தை. ஃப்ரெஷ்வொர்க்ஸின் கதை இதற்கு நல்ல உதாரணம். திருச்சிக்காரரான கிரீஷ் மாத்ருபூதம் அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது அவருடைய டிவி உடைந்து வந்து சேர்ந்தது. நஷ்டஈடு கேட்டு அலைந்த அனுபவத்தில் வாடிக்கையாளர் சேவைக்கான மென்பொருள் பற்றிய யோசனை பிறந்தது. 2010இல் சென்னையில் கம்பெனி தொடங்கியது. 2021 செப்டம்பர் 22 அன்று நாஸ்டாக்கில் ஏறியது. அந்த ஏற்பாட்டுக்கு ரஜினியை மனதில் வைத்து 'சூப்பர்ஸ்டார்' என்று ரகசியப் பெயரிட்டிருந்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்பது அன்றைய தலைப்புச் செய்தி. ஊழியர்களுக்குப் பங்கு கொடுத்தது மெய்தான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் 2024 நவம்பரில் அதே நிறுவனம் சுமார் 660 பேரை, அதாவது நூற்றுக்குப் பதின்மூன்று பேரை, வெளியேற்றப்போவதாக அறிவித்தபோது அந்தக் கதையில் அவர்களுக்கென்று ஒரு அத்தியாயம் இல்லை. முதல் செய்தியில் ஊழியர் கதாபாத்திரம். இரண்டாவதில் வெறும் எண்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இந்த அச்சு புதிதே அல்ல. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பி வந்து தொழில் தொடங்கிய கதையை இங்கே பிறந்த எவனும் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. 'குட்டி ஜப்பான்' என்கிற பெருங்கதையாடலின் முதல் வரி அது. ஸ்டார்ட்அப் என்ற சொல் தமிழுக்கு வருவதற்கு முந்தைய ஸ்டார்ட்அப் கதை. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. 1899இல் சிவகாசியைக் கொள்ளையிட வந்த சாதி வெறியைச் சந்தித்த ஒரு சமூகம் வியாபாரத்தையும் தொழிலையும் சுயமரியாதைக்கான வழியாகப் பற்றிக்கொண்டதில் ஒரு அரசியல் இருந்தது. தொடங்கியவனின் கதை எப்போதுமே பொய்க்கதை என்று சொல்லுகிற இயந்திர மார்க்சியம் எனக்கு உடன்பாடில்லை.

பிரச்சினை அந்தக் கதை எங்கே முடிகிறது என்பதில் இருக்கிறது. கல்கத்தாவுக்குப் போன இரண்டு பேரின் பெயர் நமக்குத் தெரியும். சட்டத்தில் குச்சி அடுக்கியவர்களின் பெயர் தெரியாது. அவர்கள் எழுத்தில் பதிவானதெல்லாம் பெரும்பாலும் வழக்காகத்தான். சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளின் குழந்தைத் தொழிலாளர்கள் பற்றி எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி இருபதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது. கதையில் இடம் கிடைக்காதவர்களுக்குத் தீர்ப்பில் ஒரு தொகையாக இடம் கிடைத்தது.

3

அடுத்தது செல்போன் மதிப்புரை. இது தனி வகைமை. பெட்டியைத் திறப்பதில் தொடங்கும். கையில் பிடித்தால் எப்படி இருக்கிறது, முதுகு வழுக்குகிறதா, ஓரம் எத்தனை மெல்லியது, காமிரா இருட்டில் எப்படி. ரொலான் பார்த் 1957இல் வெளியான தன் 'மைத்தாலஜீஸ்' நூலில் அன்றைய புதிய சித்ரோயென் காரைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதியிருக்கிறார். அந்தக் கார் வானத்திலிருந்து விழுந்த பொருள்போல் தோன்றுகிறது, அதன் வழுவழுப்புதான் அந்த மாயத்தைச் செய்கிறது, ஏனென்றால் மூட்டுகளும் இணைப்புகளும் மனித வேலையை ஞாபகப்படுத்துகிறவை என்பது அவருடைய வாசிப்பு. எழுபது வருஷம் ஆகப்போகிறது. இன்றைய செல்போன் மதிப்புரை எதை எடுத்தாலும் இந்த வாசிப்பு அப்படியே பொருந்துகிறது. பிடிக்கிற கையைப் பற்றிப் பத்துப் பாரா இருக்கும். கோத்த கையைப் பற்றி ஒரு வரி இருக்காது.

கோத்த கை நம்முடைய கைதான் என்பதுதான் வேடிக்கை. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. உலகத்தின் பெரிய செல்போன் ஆலைகளில் ஒன்றாக வளர்ந்தது. ஆயிரக்கணக்கில் இளம் பெண்கள் அங்கே வேலைக்குப் போனார்கள். 2010இல் ஒரு இளம் தொழிலாளிப் பெண் இயந்திரத்தில் சிக்கி இறந்தார். 2013இல் வரித் தகராறு வெடித்தது. சொத்துகள் முடக்கப்பட்டதால் 2014 ஏப்ரலில் நோக்கியாவின் செல்போன் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது சென்னை ஆலையை மட்டும் கழித்துவிட்டு வாங்கியது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றுபோனது. இந்த வரலாற்றைத் தொழில்நுட்பப் பக்கங்களில் தேடினால் 'நோக்கியா ஏன் தோற்றது' என்ற தலைப்பில் கிடைக்கும். டச் ஸ்கிரீனைப் புரிந்துகொள்ளாத நிர்வாகிகளின் தவறு என்று முடிவுரையும் இருக்கும். தோல்வியும்கூட நிர்வாகிகளுடைய சொத்துதான். இருபத்தி மூன்று வயதில் கணக்குத் தீர்த்து அனுப்பப்பட்ட பெண்ணுக்குத் தோற்றவள் என்கிற பட்டம்கூடக் கிடையாது.

அதே ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் கோக்கிற ஃபாக்ஸ்கான் தொழிலாளிப் பெண்கள் 2021 டிசம்பரில் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தார்கள். விடுதிச் சாப்பாடு விஷமாகி நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதுதான் காரணம். அந்தச் செய்தி உலகம் முழுக்கப் போனது. போன வேகத்திலேயே 'சப்ளை பாதிக்குமா' என்கிற கேள்வியாகவும் மாறியது. பட்டினியும் வாந்தியும் வாங்குபவருக்கான ரிஸ்க்காக மொழிபெயர்க்கப்படுகிற இந்த இடத்தைக் கவனியுங்கள்.

4

மதுரையில் நடந்த ஒரு தொழில்முனைவோர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மேடையில் பேசியவர் நிமிஷத்துக்கு ஒருதரம் 'ரிஸ்க் எடுங்க, ரிஸ்க் எடுக்காதவன் தொழிலாளியாத்தான் இருப்பான்' என்றார். நல்ல கைதட்டல். பக்கத்தில் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன், பட்டாசு ஆலையில் மருந்துக் கலவை அறையில் வேலை பார்த்துக்கொண்டே ஒரு ஆப் பண்ண வேண்டும் என்று அலைகிறவன். மெதுவாக என்னிடம் சொன்னான்: "அண்ணே, இவரு சொல்ற கணக்குப்படி பாத்தா நம்ம ஊர்ல எல்லாருமே மொதலாளிதான?"

இந்தக் கேள்வியை நான் கோட்பாட்டு ரீதியாக எடுத்துக்கொள்கிறேன். ஸ்டார்ட்அப் சொல்லாடலில் ரிஸ்க் என்பது பணத்தை இழக்கும் வாய்ப்பு. அதற்கும் ஒரு வரம்பு உண்டு. பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் பங்குதாரரின் பொறுப்பு அவருடைய பங்கோடு நின்றுவிடுகிறது. முதலீட்டாளர் பத்துக் கம்பெனியில் போடுகிறார், எட்டு மூழ்கினாலும் இரண்டு காப்பாற்றும் என்ற கணக்கில். இப்படிப் பங்குபோட்டுக் குறைக்கப்பட்ட ரிஸ்க்குக்குத்தான் வீரம் என்று பெயர். மருந்து செலுத்துகிறவளுக்கு உடம்பு ஒன்றுதான். அதைப் பத்து இடத்தில் பிரித்துப் போட முடியாது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி, முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம், இருபதுக்கும் மேல். 2024 பிப்ரவரி 17, எங்கள் வெம்பக்கோட்டை அருகில், பத்துப் பேர். இவர்கள் எடுத்தது ரிஸ்க் என்று எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. 'விபத்து' என்று எழுதின.

விபத்து என்ற சொல் மறைக்கிற ஏற்பாட்டுக்கு இங்கே 'உள்குத்தகை' என்று பெயர். லைசென்ஸ் ஒருவர் பேரில். அவர் அறைகளைப் பிரித்துச் சட்டத்துக்குப் புறம்பாக வேறு ஆட்களுக்கு விடுகிறார். அவர்களுக்குக் கீழே போர்மேன், அவருக்குக் கீழே எண்ணிக்கைக் கூலிக்கு ஆள். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் அதற்கு மேல் ஆள். வெடித்த பிறகு லைசென்ஸ்காரர் 'நான் ஓட்டலை' என்பார். ஓட்டினவர் 'என் பேரில் லைசென்ஸ் இல்லை' என்பார். பொறுப்பு அறை அறையாகப் பிரிந்து காணாமல் போய்விடும். எண்ணிக்கைக் கூலியில் மேற்பார்வைக்கு அவசியம் குறைகிறது, இடைத்தரகர் நுழைய வழி பிறக்கிறது, வேகத்தைத் தொழிலாளியே தன்மீது திணித்துக்கொள்கிறார் என்று மார்க்ஸ் 'மூலதனம்' முதல் பாகத்தில் ஒரு அத்தியாயமே எழுதிவைத்திருக்கிறார்.

இப்போது செல்போனில் இயங்கும் ஆப் கம்பெனிகளைப் பாருங்கள். 2020 ஆகஸ்டில் சென்னையில் ஸ்விகி தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஒரு டெலிவரிக்கான அடிப்படைத் தொகை 35 ரூபாயிலிருந்து 15 ரூபாயாகிவிட்டது என்பது அவர்கள் சொன்ன புகார். கம்பெனி மொழியில் அவர்கள் தொழிலாளிகள் இல்லை, 'பார்ட்னர்'. 2020இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் கிக் தொழிலாளியை வழக்கமான முதலாளி - தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்பவர் என்றே வரையறுக்கிறது. நலநிதிக்குக் கம்பெனி ஒரு பங்கு கட்ட வேண்டும் என்கிறது, அதை வரவேற்கலாம். ஆனால் அந்த 'வெளியே' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் குற்றமாக இருக்கிற உள்குத்தகை, ஆப்பில் புதுமையாகிறது. வண்டி அவனுடையது, பெட்ரோல் அவனுடையது, கால் முறிந்தால் அதுவும் அவனுடையது. வேலையை எண்ணுகிற போர்மேன் மட்டும் போனுக்குள் உட்கார்ந்திருக்கிறான். வட்டாரத்துப் பழைய சுரண்டல் வடிவம் ஒன்று பெருநகரத்துக்குப் போய் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. பின்தங்கிய ஊர் என்று எங்களைச் சொல்கிறவர்களுக்கு இதைத் தெரிவித்துக்கொள்கிறேன்: இந்த விஷயத்தில் நாங்கள் முன்னோடிகள்.

5

இதற்கு ஒரு மறுப்பு வரும். 'அப்படியானால் அந்தப் பையன் ஆப் பண்ணக் கூடாதா? பட்டாசுக்காரி மகள் நல்ல போன் வாங்கக் கூடாதா?' தாராளமாக. நுகர்வு மோகம் என்று அறிவுரை சொல்கிற தோழரின் சட்டைப்பையிலும் ஒரு போன் இருக்கிறது. இங்கே ஒரு பெண் பிள்ளை மாதத் தவணையில் போன் வாங்குவது வெறும் ஆசை அல்ல. வேறு ஊரில் வேலை தேடுவதும், கூலியைக் கணக்கில் வாங்குவதும், வீட்டுக்குத் தெரியாமல் ஒருத்தனிடம் பேசுவதும் அதில்தான். ஆலைக்குள் செல்போன் போகக் கூடாது, வாசலில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும், பாதுகாப்புக்கு அது சரியான விதி. ஆனால் அறையில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று படம் எடுத்து அனுப்ப முடியாத இடமும் அதுவாகவே அமைந்துவிடுகிறது. கருவியின் அரசியல் கருவிக்குள் மட்டும் இல்லை.

ஆகவே நான் கேட்பது துறவு அல்ல. வாசிப்பு. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வைப்பாற்றங்கரை உச்சிமேட்டில் 2022 முதல் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. சங்கு வளையல்கள் கிடைத்தன. வளையலை மட்டும் பார்த்தால் அழகு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அறுத்துப்போட்ட சங்குத் துண்டுகளைப் பார்க்கிறவர்தான் இங்கே ஒரு தொழில் நடந்தது, ஆட்கள் உட்கார்ந்து அறுத்தார்கள் என்று சொல்ல முடியும். விமர்சகன் செய்ய வேண்டியதும் அந்த வேலைதான். பளபளப்பான பிரதி எதை வெளியே கழித்துப் போட்டது என்று பொறுக்கிப் பார்ப்பது.

2019 முதல் பசுமைப் பட்டாசுப் பெட்டிகளில் க்யூஆர் குறியீடு அச்சாகிறது. போனை நீட்டினால் இது அங்கீகாரம் பெற்ற சரக்குதானா என்று தெரிந்துகொள்ளலாம் என்பது ஏற்பாடு. டெல்லியில் பட்டாசு வாங்குகிறவர் தன் காற்றுக்கு என்ன ஆகும் என்று கேட்கிறார், பதில் கிடைக்கிறது. அவர் கேட்பது நியாயம்தான். இந்தப் பெட்டி எந்த அறையில் அடைக்கப்பட்டது, அந்த அறை யாரிடம் உள்குத்தகைக்கு இருந்தது, அன்றைக்கு அதில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு குரோசுக்கு என்ன கூலி என்பதையும் அதே சிறிய கறுப்புக் கட்டத்துக்குள் வைக்கத் தொழில்நுட்பம் போதும். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆப் பண்ண நினைக்கிற எங்கள் ஊர்ப் பையனிடம் இதைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பண்ணிரலாம்ணே. யாரு காசு போடுவா?" என்று கேட்டான். ஸ்டார்ட்அப் கூட்டங்களில் 'என்ன பிரச்சினையைத் தீர்க்கப் போகிறீர்கள்' என்றுதான் முதல் கேள்வி கேட்கிறார்கள். தீர்ந்தால் யாருக்கு நஷ்டம் என்பது அங்கே கேட்கப்படாத கேள்வி. எழுதுகிறவர்களாவது அதிலிருந்து தொடங்கலாம்.