வீராங்கனையும் வீட்டுக் கதவும்

1971-ஆம் ஆண்டுப் போரில் பாகிஸ்தான் படையினராலும் அவர்தம் துணைவராலும் வன்கொடுமைக்குள்ளான வங்கப் பெண்கள் எழுவரின் வரலாறே, பேராசிரியை நீலிமா இப்ராஹீம் 1994-ல் வெளியிட்ட 'ஆமி பீராங்கனா போல்ச்சி' என்னும் நூல். அரசு அத்தகையோருக்கு 'வீராங்கனை' எனப் பட்டம் சூட்டிற்று. பெற்ற வீடுகள் பலவோ கதவடைத்தன. அப்பெண்களையே பேசவிட்டு, இந்த இரண்டாவது கொடுமையை நம் கண்முன் நிறுத்துவதே நூலின் சிறப்பு.

நாம் வழங்கும் 'கற்பழிப்பு' என்னும் சொல்லும் இழிவைப் பெண் மீதே சுமத்துகிறது. அரபியில் 'இக்திஸாப்' என்றால் வலிந்து பறித்தல், பழி பறித்தவனுக்கே. வற்புறுத்தப்பட்டவளுக்குத் தண்டனை இல்லை என்பதே இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் 'முவத்தா' கூறும் தீர்ப்பு.

2015-ல் வங்கதேச அரசு அவ்வாறு துன்புற்றோரில் 41 பேரை விடுதலைப் போராளிகளாக ஏற்றது. பட்டம் வழங்க அரசுண்டு. கதவைத் திறக்க வேண்டியவர் நாமல்லவா?